உட்கார வைக்கும் அடுப்பு

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் வல்லக்கோட்டை போகிற சாலைக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி எழும்பியிருக்கிற மகிழம்பூ அடுக்ககத்தில் ஓர் அடுப்பு இருக்கிறது. வீட்டுக்குள் ஒரே ஒருத்தர் நின்றுகொண்டிருந்தாலும் அது சுடாது. தீ எரியும், நீலமாக, ஒழுங்காக, புஸ்ஸென்ற சத்தத்தோடு எரியும். மேலே இருக்கிற வார்ப்புத் தட்டு மட்டும் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று கிடக்கும். எல்லோரும் உட்கார்ந்த மறுநொடி சுட ஆரம்பித்துவிடும். ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் நிற்காமல் போகிறது, மோட்டார் ஏன் வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் ஏற்ற மறுக்கிறது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்கள் அவர்கள். இந்த அடுப்பின் சுபாவம் இது என்று எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அடுக்ககத்தில் அத்தனை வீடு இருக்க அது அஞ்சுகத்திடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான் என்று சொல்கிறவர்களுக்கு அஞ்சுகத்தைத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. புருஷன் குணசீலன் லேத் பட்டறையிலிருந்து வந்து உட்காருவான், மகள் இளவேனில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து உட்காருவாள், அஞ்சுகம் நிற்பாள். தோசை ஊற்றப் போவாள், கொண்டு வருவாள், சட்னி போடுவாள், அடுத்த தோசை தீயுமே என்று ஓடுவாள், "நீயும் உக்காரேன்" என்று யாராவது ஒப்புக்குச் சொன்னால் "இதோ வந்துட்டேன்" என்பாள். அந்த "இதோ வந்துட்டேன்" இருபது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டே இருந்தது, வந்து சேர்ந்தபாடில்லை. எல்லோரும் கைகழுவிப் போன பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, ஆறிப்போன கடைசித் தோசையை ஆறிப்போன சாம்பாரில் தொட்டுத் தின்பாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் அல்லவா.

எதிர்வீட்டில் கொரியாக்காரர்கள் குடியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் ஹேசுக், அஞ்சுகத்திடமிருந்தே தமிழ் கற்றவள் என்பதால் அச்சு அசலாக அஞ்சுகத்தைப் போலவே, இழுத்து இழுத்துப் பேசுவாள். இட்லி மாவு அந்தப் பக்கம் போகும், மிளகாய் போட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் இந்தப் பக்கம் வரும், இரண்டு வீட்டிலும் இரண்டும் நாறுகிறது என்று ஆண்கள் முகம் சுளித்துவிட்டு இரண்டையும் காலி செய்வார்கள். ஹேசுக்கின் புருஷனுக்குத் திரும்பிப் போக உத்தரவு வந்தது. புறப்படுகிற அன்று அவள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அஞ்சுகத்தின் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளே கையகல கேஸ் டப்பா போட்டுக்கொள்கிற மேசை அடுப்பு. அதன்மேல் நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக, கொழுப்பு வழிந்தோட ஒரு மூக்கும் வைத்த கறுப்புத் தட்டு. கூடவே நீளமான இடுக்கி ஒன்றும் கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தன.

"கத்தரிக்கோல் எதுக்குடி?" என்றாள் அஞ்சுகம்.

"கறி வெட்ட. அடுப்பு மேலயே வெச்சு வெட்டணும். அஞ்சுகம், இது நல்ல அடுப்பு. ஆனா கோவக்கார அடுப்பு. நிக்கறவங்களப் புடிக்காது."

ஊருக்குப் போகிற நேரத்திலும் வேடிக்கை பேசுகிறாளே என்று அஞ்சுகம் சிரித்தாள். பிறகு இருவரும் அழுதார்கள். பிறகு கார் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குணசீலன் ஆட்டுக்கறி வாங்கப் போனான். கறியைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவிக் கொடுக்கச் சொன்னதற்கு, கறிக்கடை காதர் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். சீவிய கறியை இளவேனில் சோயா சாஸிலும் பூண்டிலும் பேரிக்காய்த் துருவலிலும் நல்லெண்ணெயிலும் ஊற வைத்தாள். மிளகாயே சேராத ஒரு கறியை நம்புவதற்கு மனசு வராமல், அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது அஞ்சுகம் அரை ஸ்பூன் மிளகுத்தூளைத் தூவிக் கிளறிவிட்டாள். இலைக்கோசு, பச்சைப்பூண்டு, வெங்காயம், ஹேசுக் விட்டுப்போன சிவப்பு மிளகாய் விழுது எல்லாம் மேசைக்கு வந்தன. அப்பனும் மகளும் உட்கார்ந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தார்கள். கறியை எடுத்துத் தட்டில் பரப்பினார்கள்.

கறி அப்படியே கிடந்தது. கடை மரத்தட்டில் கிடந்ததற்கும் இங்கே கிடந்ததற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. லேத் பட்டறைக்காரனுக்கு இரும்பு சுடவில்லை என்றால் அது மானப்பிரச்சினை. குணசீலன் டப்பாவைக் கழற்றினான், மாட்டினான், தீயைக் கூட்டினான், தட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஆச்சரியப்பட்டான். அஞ்சுகம், இதெல்லாம் சரிவராது என்று முன்னமே தெரிந்தவளாக, ரசச் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் நின்றதில் காலில் நரம்பு சுருட்டிப் பிடித்தது. சட்டியை மேசையில் வைத்துவிட்டு, காலைத் தேய்த்துக்கொள்ளப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கறி சுர்ரென்றது. புகை எழும்பியது. நல்லெண்ணெயும் பூண்டும் சேர்ந்த வாசனை மின்விசிறிவரை போய்த் திரும்பி வந்தது. "ஐயோ, கருகிடும், திருப்புங்க" என்று அஞ்சுகம் பதறி எழுந்தாள். சத்தம் நின்றுவிட்டது.

இளவேனில் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். "அம்மா, உக்காரு" என்றாள். சுர்ரென்றது. "எந்திரி." அடங்கியது. "உக்காரு." சுர்ரென்றது. பிறகு அப்பாவை எழுப்பிப் பார்த்தாள், தானும் எழுந்து பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இவ்வளவுதானா? அப்ப உக்காந்துட வேண்டியதுதானே" என்றான் குணசீலன்.

"உக்காரலாம். தண்ணி?" என்றாள் அஞ்சுகம்.

"தண்ணிக்கு என்ன?"

"யாரு கொண்டாருவா?"

அப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. குணசீலன் எழுந்து போய்த் தண்ணீரும் உப்பும் தட்டும் சாதமும் எடுத்து வந்து, இன்னும் என்ன, இன்னும் என்ன என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தான். கறி வெந்தது. இளவேனில் ஓர் இலையைக் கையில் விரித்து, ஒரு துண்டுக் கறி, பூண்டு, விழுது, இரண்டு பருக்கை சாதம் வைத்து மூட்டை கட்டி, ஹேசுக் வீட்டில் பார்த்தபடியே, அம்மாவின் வாயில் ஊட்டினாள்.

"சூடா இருக்கு" என்றாள் அஞ்சுகம். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுது காரம் போல என்று நினைத்துக் குணசீலன் சர்க்கரை டப்பாவைத் தேடினான்.

விஷயம் அடுக்ககம் முழுக்கப் பரவுவதற்கு ஒரு வாசனை போதுமானதாக இருந்தது. முதலில் இரவல் கேட்டு வந்தவள் கீழ்வீட்டு மெர்சி. அவள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தும் அடுப்பு சுடவில்லை; கட்டிலடி, பால்கனி எல்லாம் தேடி, கடைசியில் குளியலறையில் நின்றபடி யாருக்கும் தெரியாமல் செல்போனில் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த மச்சினனைப் பிடித்தார்கள். மேல்வீட்டில் மாமியாரும் மருமகளும் "நீ மொதல்ல உக்காரு", "நீங்க மொதல்ல உக்காருங்க" என்று மாலை முழுக்க நின்று, ஊற வைத்த கோழி இன்னும் நன்றாக ஊறி, மறுநாள் குழம்பாயிற்று. பி பிளாக் கோமதி மாமி, "எங்களவாளுக்கு அந்தத் தட்டு வேண்டாம், ஆனா அந்த உக்கார்றது வேணும்" என்று வெட்கத்தோடு கேட்டபோது, குணசீலன் பட்டறையில் புதுசாக ஒரு தட்டு கடைந்து கொடுத்தான். அதில் அவர்கள் காளானும் வாழைக்காயும் பன்னீரும் வாட்டி, இலைக்கோசுக்குப் பதில் தொட்டியில் வளர்ந்த கற்பூரவல்லி இலையில் சுருட்டித் தின்றார்கள். அது அசலைவிட நன்றாக இருக்கிறது என்று அடுக்ககமே அதற்கு மாறியது. மாமி வீட்டில் ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. சுவரில் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறாரே, அடுப்பு ஒப்புக்கொள்ளுமா என்று மாமா கவலைப்பட்டார். அடுப்பு தாராளமாகச் சுட்டது. "அவர் நிக்கறது நாம உக்கார்றதுக்குத்தான்" என்று மாமி சொன்னாள்.

மொட்டைமாடியில் வைத்து ஒருமுறை எல்லோருமாகச் சாப்பிடலாம் என்று சங்கச் செயலாளர் திருமாறன் ஏற்பாடு செய்தபோதுதான், வீட்டுக்குள் வைத்தால் வீடு, மாடியில் வைத்தால் மொத்தக் கட்டடமும் கணக்கு என்பது தெரிந்தது. அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்தும் தட்டு குளிர்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் கீழே வாசலில் காவலாளி பரசுராமன் நின்றுகொண்டிருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவார் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. திருமாறனே தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். பரசுராமன் அதில் உட்கார்ந்தார், திருமாறன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். மேலே சுர்ரென்றது. நாற்காலியைத் திருப்பி எடுத்துவர அதன்பிறகு யாருக்கும் மனசு வரவில்லை.

இப்படி எல்லோரும் உட்காரப் பழகிக்கொண்டிருந்த காலத்தில்தான் இளவேனில் ஒரு நாள், "அம்மா, ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்தாள்.

ஒருத்தரின் பெயர் மதிவாணன். அதே கம்பெனி, அதே பிரிவு, ஆரணிக்காரன். அப்பா ஏகாம்பரம் பட்டுத்தறி வைத்திருக்கிறார். அம்மா சௌந்தரவல்லி. பையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், மூன்றாம் தடவை வந்தபோது பாத்திரத்தையும் துலக்கிவிட்டுப் போனான், குணசீலனுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் குணசீலன் ஆம்பூர் பிரியாணிக்குச் சொல்லிவிடலாமா என்றான்.

"வேணாம்ப்பா. அடுப்பத்தான் வெக்கணும்" என்றாள் இளவேனில். பிறகு அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அவங்க அம்மா இதுவரைக்கும் ஒரு நாள்கூட எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டது இல்லையாம்மா. பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட நின்னபடியே பாத்துட்டு வந்துடுவாங்களாம். மதி நல்லவருதான். ஆனா நான் அங்க போனா அவங்க நிப்பாங்க. அவங்க நிக்கும்போது நான் எப்படி உக்காருவேன்? நானும் நிப்பேன். ஒன்ன மாதிரியே ஆறிப்போனதத் திம்பேன். அன்னிக்கு அவங்க உக்காந்து அடுப்பு சுட்டா சரி. இல்லன்னா நான் வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"நெசமாவா? அவரு மேல ஆசையில்லையா ஒனக்கு?"

"இருக்கும்மா" என்றாள். "அதனாலதான் இப்பவே பாத்துக்கறேன். அவங்ககிட்ட யாரும் அடுப்பப் பத்திச் சொல்லக்கூடாது. சொல்லி உக்கார வெச்சா அன்னிக்கு மட்டும் உக்காந்துட்டுப் போயிடுவாங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பேசி முடிக்கும்வரை கை நனைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காபிகூட வேண்டாம் என்பார்கள். உட்காரவே உட்காராத ஓர் அம்மாளை, சாப்பிடவே கூடாத ஓர் இடத்தில், காரணமும் சொல்லாமல் எப்படி உட்கார வைப்பது? வாரம் முழுக்க அஞ்சுகம் அதையே யோசித்தாள். யோசித்து யோசித்து, வேறு யாரையும் நினைக்காமல் தன்னையே நினைத்துப் பார்த்தாள். நான் எதற்கெல்லாம் எழுந்து போவேன்? அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டாள். ஞாபகம் வந்த ஒவ்வொன்றையும் ஞாயிறு காலையில் மேசைக்குக் கொண்டுவந்தாள். மேசை போதாமல் மெர்சி வீட்டிலிருந்து இன்னொரு மேசை வந்தது.

உச்சிவேளைக்கு அவர்கள் வந்தார்கள். ஏகாம்பரம் கலகலப்பான மனிதர், உள்ளே வந்ததுமே நல்ல நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சௌந்தரவல்லி நெட்டையான, வாட்டசாட்டமான பெண்மணி, அரக்கு நிறப் பட்டு உடுத்திப் புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். பெண்ணைப் பார்த்தாள், முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

"உக்காருங்கக்கா" என்றாள் அஞ்சுகம்.

"இருக்கட்டும்மா. நான் நின்னே பழக்கம். பாத்துட்டுக் கெளம்பறோம், கை நனைக்கறதெல்லாம் பேசி முடிச்ச பொறவு."

"அவ அப்படித்தான்" என்றார் ஏகாம்பரம், பெருமையோடு. "நான் வேணும்னா கொஞ்சம் சாப்பிடறேன். வாசல்லயே வாசன அடிக்குதே." அடித்தது பக்கத்து வீட்டு வாசனை.

மதிவாணன் அடுப்பைப் பற்ற வைத்தான். கறியைப் பரப்பினான். கறி அப்படியே கிடந்தது. ஏகாம்பரம் குனிந்து பார்த்து, "கேஸ் தீந்துடுச்சா தம்பி?" என்றார். இளவேனில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் வேகாத கறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சௌந்தரவல்லியால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன அதே அம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுக்கியை எடுத்து, "நீங்கல்லாம் உக்காந்திருங்க, நான் பாத்துக்கறேன்" என்று யார் வீடோ யார் அடுப்போ எதையும் நினைக்காமல் பரிமாற ஆரம்பித்துவிட்டாள். டம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள். இலையைப் பங்கு வைத்தாள். தன் வீட்டில் விருந்தாளி பரிமாற அஞ்சுகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அவளும் துள்ளி எழுந்து இடுக்கியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"குடுங்கக்கா, நீங்க உக்காருங்க."

"நீங்க உக்காருங்கம்மா."

"வீட்டுக்கு வந்தவங்க நிக்கலாமா?"

"வீட்டுக்காரங்க நிக்கலாமா?"

இடுக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. இதற்குள் கதவிடுக்கு வழியாகச் செய்தி கசிந்து, அடுக்ககமே மாடிப்படியில் வந்து கூடிவிட்டது. தாங்கள் நிற்பதால் பெண்ணின் கல்யாணம் கெட்டுவிடப் போகிறதே என்று, வீட்டுக்கு வெளியே நிற்பது கணக்கில்லை என்பது தெரிந்தும், வந்தவர்கள் எல்லோரும் படிக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள். கோமதி மாமி முட்டி வலியோடு உட்கார்ந்தாள். திருமாறன் உட்கார்ந்தார். கீழே வாசலில் பரசுராமன், கார் ஒன்று ஹாரன் அடித்தும், எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

அஞ்சுகம் மகளைப் பார்த்தாள். அவள் அழவில்லை, அழாமல் இருக்கிற முகம் அதைவிட மோசமாக இருந்தது. கெஞ்சிப் பிரயோஜனமில்லை என்று அஞ்சுகத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் தன்னைக் கெஞ்சியிருப்பார்கள், கெஞ்சக் கெஞ்ச இன்னும் சுறுசுறுப்பாகத்தானே தான் ஓடியிருக்கிறாள். அவள் இடுக்கியை விட்டாள். விருந்தாளி நிற்கும்போது வீட்டுக்காரி உட்காருவது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு என்று அவள் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. அவள் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன எடுக்கப் போறீங்க சொல்லுங்க" என்றாள்.

"தண்ணி..." என்றாள் சௌந்தரவல்லி.

"பெரிய சொம்புல இருக்கு. உங்க கைகிட்ட."

"உப்பு?"

"அதுக்குப் பக்கத்துல."

"மோரு?"

"மூடி போட்ட கூஜாவுல."

"ரசம் ஆறிடுமேம்மா, சூடு பண்ண..."

"பிளாஸ்க்குல ஊத்தி வெச்சிருக்கேன்."

சௌந்தரவல்லியின் கண் மேசைமேல் ஓடியது. துடைக்கத் துணி நாற்காலியின் முதுகில் தொங்கியது. எலும்பு போடக் கிண்ணம் இருந்தது. அப்பளம் டப்பாவில் இருந்தது. கைகழுவச் செம்பும் தாம்பாளமும் இருந்தன. கரண்ட் போனால் வீச விசிறி மேசைக்குக் கீழே இருந்தது. அதையும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாராச்சும் கதவத் தட்டினா?" என்றாள் கடைசியாக.

"தட்ட மாட்டோம், நீங்க உக்காருங்கோ" என்றது வெளியிலிருந்து கோமதி மாமியின் குரல்.

இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சௌந்தரவல்லி நின்றாள். எடுத்துவர ஒன்றுமில்லை, போய்வர இடமில்லை. எதற்காக நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்தவர் பொருளைப் பார்ப்பதுபோல அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அஞ்சுகத்தின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"உக்காந்தா என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

"எனக்கும் தெரியாதுக்கா. மொதல் நாள் கைய எங்க வெச்சுக்கறதுன்னே புரியல. சும்மா மடியில வெச்சுக்குங்க."

சௌந்தரவல்லி முதலில் நுனியில் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுகிறவளைப் போல. பிறகு கொஞ்சம் நகர்ந்தாள். பிறகு முதுகைச் சாய்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுர்ரென்றது. அப்படி ஒரு சத்தத்தை அந்த அடுப்பு அதுவரை எழுப்பியதில்லை. மாடிப்படியில் கைதட்டல் கேட்டது. ஏகாம்பரம், "அடடே, கேஸ் வந்துடுச்சு" என்றார். மதிவாணன் கத்தரிக்கோலால் கறியை நறுக்கித் திருப்பிப் போட்டான். ஓரம் சிவந்து, கொழுப்பு மூக்கு வழியாகச் சொட்டியது. இளவேனில் கற்பூரவல்லி இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்தாள். கறி, பூண்டு, விழுது, இரண்டு பருக்கை சாதம் வைத்து, மடித்து, மேசைக்கு மேலே கையை நீட்டினாள்.

"பேசி முடிக்காம..." என்று ஆரம்பித்தாள் சௌந்தரவல்லி. அவளுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கை நீட்டியபடியே இருந்தது. சுருளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிறகு குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"ஊதித் தின்னக் கூடாதா? வாய் சுட்டுக்கிச்சா?" என்று ஏகாம்பரம் பதறித் தண்ணீரை நகர்த்தினார். மதிவாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். அஞ்சுகத்துக்கு மட்டும் அந்த வார்த்தையின் கனம் முழுசாகத் தெரிந்தது. அவள் இன்னொரு இலையை எடுத்தாள்.

"இன்னொண்ணு குடும்மா" என்றாள் சௌந்தரவல்லி. அதற்கப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் அவளே மடிக்கக் கற்றுக்கொண்டு, முதல் சுருளை அஞ்சுகத்தின் வாயில் திணித்தாள். வாய் நிறைய இருந்த நிலையிலேயே சொன்னாள்: "சாப்ட்டாச்சு. இனிமே பேசி முடிக்காம இருந்தா அது மொற இல்ல. வர்ற தைக்கு நாள் பாத்துடலாங்களா?" குணசீலன் தலையை ஆட்டினான். இளவேனில் அப்போதுதான் அழுதாள், நன்றாக, சத்தமாக. மதிவாணன் அவளுக்கு ஒரு சுருள் மடித்துக் கொடுத்து அதை நிறுத்தினான்.

கறி பாதி தீர்ந்திருந்தபோது சத்தம் சட்டென்று அடங்கியது. தட்டு குளிர்ந்துவிட்டது. எல்லோரும் பழக்கதோஷத்தில் இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள், சாய்ந்து, வாயில் கறியோடு. சொம்பில் தண்ணீர் தீர்ந்துபோய்ச் சௌந்தரவல்லிக்கு விக்கல் எடுத்ததைப் பார்த்து, ஏகாம்பரம்தான் எழுந்து, காலிச் சொம்போடு அடுப்படிக்குள் போயிருந்தார். அடுப்படி எப்படி இருக்கும் என்பது அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

உள்ளே ஒரு கதவு திறந்து மூடியது. இன்னொரு கதவு திறந்தது. ஏதோ உருண்டது. "தண்ணி எதுலம்மா இருக்கு?" என்ற குரல் வந்தது.

இரண்டு பெண்களின் தொடையும் ஒரே நேரத்தில் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. அஞ்சுகம் சௌந்தரவல்லியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சௌந்தரவல்லி அவளுடையதைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க சம்பந்தி" என்றாள் அஞ்சுகம். "தேடி எடுப்பாரு."

டம்ளர்கள் விழுந்தன. ஒரு மூடி தரையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மேசையில் யாரும் அவசரப்படவில்லை. அரைவேக்காட்டுக் கறி குளிர்ந்த தட்டில் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு அடுப்படிக்குள்ளிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேன்."